அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருங்கள்

சங்கக் கூட்டத்தில் நன்றியுரை முடிந்து காபி டம்ளர்கள் வந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். கட்டுமானப் பொருள் வியாபாரத்தில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதுவரை ஜிஎஸ்டி, லாரி வாடகை, ஆயுதபூஜை விடுமுறை என்று பேசியிருப்போம். மினிட்ஸ் புத்தகத்தை மூடியதும் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, திங்கக்கிழமையிலிருந்து என்ன ரேட்டு?" என்பார்.

இதை நான் எழுதுவது அந்த ஒரு நிமிடத்துக்காக. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எழுந்துவிடுங்கள். காபி பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். "இந்தப் பேச்சில் நான் இல்லை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. அப்போது எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நான் பொருளாளர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ரேட் சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. முக்கால் ஜல்லி, சிப்ஸ், எம்-சாண்ட், செங்கல் என்று வரிசையாக எழுதி, எதிரே விலை போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் ஒரு பள்ளி ஆசிரியர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. பி.எப். கடனில் வீடு ஆரம்பித்திருந்தார். கையில் மாணவர்கள் வைத்திருப்பது போன்ற கட்டம் போட்ட நோட்டு. அதில் ஒவ்வொரு கடையின் பெயருக்கும் நேராக அங்கே சொன்ன விலையை எழுதியிருந்தார். என் கடை நான்காவது. நான் சொன்ன விலையையும் எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கு வரியிலும் ஒரே எண்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன் சார். எல்லா இடத்துலயும் இதே விலைதான். அப்ப யாரும் ஏமாத்தல. மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்றார். முன்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். என்னை நம்பிவிட்டுப் போனார். யூனிட்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டோம், அவ்வளவுதானே என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நாங்கள் எடுத்துக்கொண்டது வெயிலில் அவர் நடந்த நடையை. சாமானியருக்குச் சந்தையில் வேறு பலம் கிடையாது. பேரம் பேசத் தெரியாது, தரம் பார்க்கத் தெரியாது, மொத்தமாக வாங்கக் காசு கிடையாது. இந்தக் கடையில் கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்பது ஒன்றுதான் அவர் கையில் இருப்பது. ரேட் சீட்டு எழுதிய அன்றே நாங்கள் அந்த அடுத்த கடையை இழுத்து மூடிவிட்டோம். நான்கு ஷட்டர் திறந்திருந்தது, கடை ஒன்றுதான்.

சட்டம் காக்க நினைப்பதும் அவருடைய அந்த நடையைத்தான். போட்டிச் சட்டம் 2002-இல் வந்தது. கூட்டுச் சதியைத் தடுக்கும் அதன் பிரிவுகள் 2009 மே 20 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து விலையை முடிவு செய்வது, உற்பத்தியையோ சரக்கு வரத்தையோ குறைப்பது, 'இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு' என்று ஊரைப் பங்கு போடுவது, டெண்டரில் பேசி வைத்துக்கொள்வது ஆகிய நான்கையும் மூன்றாம் பிரிவு சந்தைக்குக் கேடு என்றே முன்கூட்டிக் கருதுகிறது. கேடு இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கூட்டம் போட்டவர்கள் தலையில்தான் விழும். நாம் ஊரில் சிண்டிகேட் என்றும் ரிங் என்றும் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. தலையாட்டினாலே போதும்.

ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ரேஷன் அரிசி வரை போகிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் மூட்டைகளை அடுக்கி, மேலே உறை போட்டு மூடி, பூச்சிகளைக் கொல்ல அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பார்கள். இந்த மாத்திரைக்கு 2009 மே மாதம் டெண்டர் விட்டார்கள். எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்தன. மூவரும் எழுதியிருந்தது கிலோவுக்கு 388 ரூபாய். அந்த மூன்றும் ஒரே அளவு நிறுவனங்கள்கூட இல்லை. தொழிற்சாலை இருக்கும் இடம் வேறு, செலவு வேறு. ஆனால் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. முந்தைய டெண்டர்களிலும் இப்படி ஒரே விலை வந்திருந்தது.

வாசலில் இருந்த பதிவேடு இதைவிடத் தெளிவாகப் பேசியது. டெண்டர் கொடுக்க வந்த அன்று, பார்வையாளர் பதிவேட்டில் மூன்று நிறுவனத்தாருக்கும் சேர்த்து ஒரே பதிவு. ஒன்றாகவே வந்து, ஒரே வரியில் எழுதிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஏப்ரலில் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம், அபராதத் தொகையைக் கணக்கிடும் முறையில் நிறுவனங்களுக்குச் சாதகமாகச் சொன்னாலும், கூட்டுச் சதி நடந்தது என்பதை உறுதி செய்தது. உணவுக் கழகம் மூன்று கடை ஏறி இறங்கியது. அந்த ஆசிரியருக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்ந்தது. அந்த மாத்திரைக்கான விலை, வரிசையில் பையோடு நிற்கும் பெண்ணுக்கு அரிசி போட அரசு ஒதுக்கிய பணத்திலிருந்து போனது.

ஒரே விலை இருப்பதாலேயே சதி என்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில், வாங்குவதே மூன்று எண்ணெய் நிறுவனங்கள்தான், அந்தச் சந்தையில் விலைகள் தானாகவே ஒன்றுபோல வரக்கூடும் என்று கருதி உச்ச நீதிமன்றம் 2018-இல் அபராதத்தை ரத்து செய்தது. பக்கத்துக் கடைக்காரர் பலகையில் எழுதியதைப் பார்த்து நீங்களாக விலையைக் குறைத்தால் அது வியாபாரம். அவரைக் கூப்பிட்டுப் பேசினால் அது வேறு. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சை ஏன் காபி வரும்வரை தள்ளிப் போடுகிறோம்? மினிட்ஸில் ஏன் எழுதுவதில்லை?

"நாங்கள் சின்ன ஆட்கள், எங்களை யார் கவனிக்கப் போகிறார்கள்" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். ஸ்டேட் வங்கிக் கிளைகளுக்குப் பெயர்ப்பலகை வைக்க 2018-இல் நடந்த டெண்டரை நினைவுபடுத்துகிறேன். தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை கொடுத்தவர்கள் பெரிய ஆலை முதலாளிகள் இல்லை. நம்மைப் போன்ற சிறு நிறுவனக்காரர்கள். ஆணையம் அவர்களுடைய மின்னஞ்சல்களைப் படித்தது. 2022 பிப்ரவரியில் ஆணை வந்தது. சிறு நிறுவனங்கள் என்பதால் அபராதம் விற்றுமுதலில் 1 சதவீதத்தோடு நின்றது. ஆனால் நிறுவனங்களோடு சேர்த்து ஆட்களையும் ஆணையம் பொறுப்பாக்கியது. இந்தச் சட்டத்தில் நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. சங்கத் தலைவர், செயலாளர், ரேட் சீட்டு எழுதிய பொருளாளர் எல்லோரிடமும் அவரவர் சொந்த வருமானத்தில் 10 சதவீதம் வரை வசூலிக்க முடியும். நிறுவனத்துக்கு என்றால், சதி நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். 2023-இல் திருத்தம் வந்த பிறகு, விற்றுமுதல் என்பது எல்லாப் பொருள்களிலும் எல்லா இடங்களிலும் கிடைத்த மொத்த வருமானத்தையே குறிக்கும்.

அபராதத்துக்குப் பயந்து எழுந்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. பயந்து எழுந்தவர், பயம் போனதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார். பயம் போவதற்கு வேண்டிய காரணங்களும் நம் நாட்டில் உண்டு. சிமென்ட் வழக்கைப் பாருங்கள். கட்டுநர்கள் சங்கம் 2010-இல் புகார் கொடுத்தது. 2012 ஜூன் மாதம் 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். தமிழ்நாட்டில் தலைமையகம் கொண்ட நிறுவனங்களும் அதில் உண்டு. வாதத்தை நேரில் கேட்காதவர் ஆணையில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் திருப்பி அனுப்பியது. மறுபடி விசாரித்து 2016 ஆகஸ்டில் மறுபடியும் அபராதம். 2018 ஜூலையில் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்றது. எட்டு வருடத்தில் எத்தனை லட்சம் மூட்டை விற்றிருக்கும்! டயர் நிறுவனங்கள் மீது 2018 ஆகஸ்டில் போட்ட ஆணை, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு முடியும்வரை, 2022 பிப்ரவரி வரை உறையைவிட்டே வெளியே வரவில்லை. வந்த பிறகு அதுவும் மறுபரிசீலனைக்குத் திரும்பியது. தண்டனை வருவதற்குள் வீடு கட்டியவர் கடனையே அடைத்து முடித்திருப்பார். ஆகவே சட்டம் வந்து கையைப் பிடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னால் கையை எடுக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

நான் ஏன் அன்று எழுந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேசைக்கு எதிரே இருந்தவர் என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தவர். தலைவர் வயதில் மூத்தவர், அவர் பேச்சை யாரும் தட்டியதில்லை. எழுந்து வந்தால் குவாரியில் எனக்கு லோடு ஏற்றமாட்டார்கள். இந்தப் பயம் பொய்யில்லை. சங்கத்தை மீறியவருக்குச் சரக்கு கொடுக்காதே என்று நிறுவனத்துக்குச் சொல்வதும், சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் புதிதாக ஏஜென்சி கொடுக்காதே என்று மிரட்டுவதும் பல தொழில்களில் நடந்திருக்கின்றன. மருந்து வணிகர் சங்கங்கள் இதையே செய்ததற்காக ஆணையம் அவற்றின் மீது பலமுறை ஆணை பிறப்பித்திருக்கிறது. அதாவது உங்களை ஒதுக்கி வைப்பதும் சட்ட மீறல்தான். எழுந்து வருகிறவருக்கும் ஒரு கதவு இருக்கிறது, தட்டலாம். சென்னையிலேயே ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. 2021-இல் கம்பி விலை தாறுமாறாக ஏறியபோது கோவை மாநகராட்சி ஒப்பந்ததாரர்கள் சங்கம் உருக்கு நிறுவனங்கள் மேல் நீதிமன்றம் போன பிறகுதான் ஆணையத்தின் விசாரணை தொடங்கியது.

"பெரிய நிறுவனங்கள் நஷ்டத்துக்கு விற்று எங்களை அழிக்கிறார்கள். நாங்கள் சேர்ந்து நிற்காமல் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சேர்ந்து நில்லுங்கள். சேர்ந்து கொள்முதல் செய்யுங்கள், கிடங்கைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், வரி விஷயமாகச் சேர்ந்து மனு கொடுங்கள். டெல்லி வணிகர்களின் மகாசங்கம் ஒன்று கொடுத்த புகாரில்தான் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு ஆணையம் உத்தரவிட்டது. ஆன்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்குப் போட்ட 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் உறுதி செய்தது. மலை போன்ற நிறுவனங்களையும் கேள்வி கேட்கிற சட்டம் இது. ஆனால் காலையில் அந்தச் சட்டத்தின் பேரில் மனு எழுதிய கையால் மாலையில் ரேட் சீட்டு எழுதக் கூடாது. பெரியவன் நம் கழுத்தை நெரிப்பது அநியாயம் என்றால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டையோடு விடிய விடியக் காத்திருக்கும் விவசாயியின் கழுத்தை நாம் நெரிப்பது என்ன? மறைமுக ஏலத்தில் ஒவ்வொரு வியாபாரியும் தனித்தனியாக விலை எழுதிப் போட வேண்டும். முந்தின இரவே பேசிவிட்டு வந்தால் அந்தப் பெட்டியில் விழுவது ஒரே சீட்டுத்தான். விவசாயிகள் சாலையில் உட்கார்ந்து 'சிண்டிகேட்' என்று கத்தும்போது அந்த வார்த்தை நம்மைப் பற்றியது.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வருவதோடு நிற்காதீர்கள். போய்ச் சொல்லுங்கள். முதலில் சொல்லுங்கள். சட்டத்தின் 46-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. சதியைப் பற்றி முதலில் வந்து முழு உண்மையையும் சொல்பவருக்கு அபராதம் நூறு சதவீதம் வரை தள்ளுபடியாகலாம். இரண்டாவதாக வருபவருக்கு ஐம்பது வரை, மூன்றாமவருக்கு முப்பது வரை. டார்ச் லைட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் போடும் பேட்டரி செல்களின் விலையில் எவரெடி, நிப்போ, பானாசோனிக் மூன்றும் சேர்ந்து செயல்பட்டதை 2016-இல் பானாசோனிக் முதலில் போய் ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரல் ஆணையில் அதற்கு முழு விலக்கு. எவரெடிக்கு 171.55 கோடி. நிப்போ செல் விற்கும் சென்னை நிறுவனத்துக்கு 42.26 கோடி. மூவரும் செய்தது ஒன்றுதான். சொல்லப் போன வரிசைதான் வேறு.

காட்டிக்கொடுப்பது துரோகம் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆசிரியரின் நோட்டுதான் எனக்குப் பதில். துரோகம் அன்றைக்கே, அவர் நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னபோதே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் பக்கம் நிற்பது என்பதுதான் பாக்கி.

வாட்ஸ்அப் குழுவில் வந்த ரேட் பட்டியலை அழித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அழித்தது இன்னொருவர் போனில் இருக்கும். குழுவைவிட்டு விலகுங்கள். விலகும் முன், ஏன் விலகுகிறீர்கள் என்று அங்கேயே எழுதுங்கள். கூட்டத்தில் விலைப் பேச்சு எழுந்து நீங்கள் வெளியேறினால், வெளியேறிய நேரத்தை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றிரவே செயலாளருக்குக் கடிதம் போடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டான். சிறு ஒப்பந்ததாரர், பதிவு செய்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"மாமா, ஒரு ரோடு வேலை டெண்டர் வருது. கூடுதல் ரேட் போட்டு என் பேர்ல ஒண்ணு போடணுமாம். எனக்கு வேலை கிடைக்காது. அடுத்ததுல பார்த்துக்கறோம்கிறாங்க. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை மட்டும் கொடுத்தாப் போதும், மத்ததை அவங்களே பண்ணிக்கறாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல மாமா. பெரியவங்க கேக்கறாங்க."

நான் ரேட் சீட்டு எழுதிய கதையை அவனிடம் முதல்முறையாகச் சொன்னேன். நோட்டைத் திருப்பிக் காட்டிய ஆசிரியரைப் பற்றிச் சொன்னேன். தோற்பதற்காகப் போடுகிற டெண்டரும் சதியில் பங்குதான், ஜெயித்தவன் மட்டும் குற்றவாளி இல்லை என்று சொன்னேன். அந்த ரோட்டில் நம் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போகும், முதல் மழையில் ஜல்லி பெயர்ந்தால் அதில் உன் பெயரும் இருக்கும் என்றேன். டோக்கனை யார் கேட்டாலும் கொடுக்காதே, அது உன் கை, உன் கையை வெட்டி யாரிடமாவது கொடுப்பாயா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை வைத்துவிட்டான்.

காலையில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரே வரி எழுதியிருந்தான்: 'அண்ணே, தப்பா நினைக்காதீங்க, என் டோக்கன் கிடையாது, இந்தக் குழுவுல இனிமே நானும் கிடையாது.' விலகிய கால் மணி நேரத்தில் அவனுக்கு ஒரு போன் வந்ததாம். அதே டெண்டருக்கு இன்னொரு டோக்கன் கொடுக்க வேண்டியவர். வயதில் இவனைவிடப் பத்துப் பதினைந்து வருடம் மூத்தவர்.

"தம்பி, நீ எழுதினதைப் பார்த்தேன். நானும் கொடுக்கல."

டெண்டர் வியாழக்கிழமை மூன்று மணிக்கு முடிகிறது. இன்னும் இரண்டு பேர் கொடுக்க வேண்டியிருக்கிறது.